கிருமி வளரவில்லை என்ற அறிக்கைக்குப் பிறகு

ஒரே நாளில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நான்கைந்து பேருக்கு மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது கண் சிவந்திருக்கிறது, கருவிழி வெளுத்திருக்கிறது, எதிரே நீட்டிய விரல்களை எண்ண முடியவில்லை. அப்போது மருத்துவமனையில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தியேட்டரைப் பூட்டுவார்கள். சுவர், மேசை, விளக்கின் கைப்பிடி, ஏ.சி.யின் வாய் எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். புகையடிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் லேபிலிருந்து பதில் வரும்: கிருமி எதுவும் வளரவில்லை. அதோடு கோப்பை மூடிவிட்டு, நோயாளியின் சர்க்கரை, வயது, கவனக்குறைவு என்று ஏதோ ஒன்றைக் காரணமாக எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த அறிக்கை வந்த இடத்திலிருந்துதான் விசாரணை தொடங்க வேண்டும் என்பதற்குப் போதுமான சான்று கடந்த முப்பது ஆண்டுகளில் சேர்ந்திருக்கிறது. உயிருள்ள ஒரு கிருமியும் இல்லாமலே கண்ணின் உட்பகுதி வெந்துபோக முடியும். அதற்கான காரணம் தியேட்டர் சுவரில் ஒட்டியிருப்பதில்லை. கருவிகளைக் கழுவும் தொட்டியிலும், எந்தப் புட்டியிலிருந்து எது யாருக்குப் போனது என்று எழுதிய பதிவேட்டிலும்தான் அதைத் தேட வேண்டும்.

கண்ணின் முன்புறத்தில், கருவிழிக்கும் கண்பாவையைச் சுற்றிய வண்ணத்திரைக்கும் நடுவே ஒரு சிறிய அறை இருக்கிறது. அதில் நிற்கும் நீர் கால் மில்லிலிட்டர்தான். கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியம் என்ற செல்கள் பதிந்திருக்கின்றன. முதியவர் ஒருவருக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 செல்கள். கருவிழிக்குள் புகும் நீரை இடைவிடாமல் வெளியே இறைத்து அதைப் பளிங்காக வைத்திருப்பது இவற்றின் வேலை. மனிதரில் இந்தச் செல்கள் இறந்தால் புதிதாகப் பிறப்பதில்லை. மிச்சமிருப்பவை பரந்து நீண்டு இடத்தை நிரப்பும், அவ்வளவே. புரை ஆபரேஷனின்போது இந்தக் கால் மில்லி அறைக்குள் உப்புநீர்க் கரைசல், கூழ்போன்ற விஸ்கோ மருந்து, நீலச் சாயம், கண்பாவையை விரிக்கும் மருந்து, கடைசியில் ஆன்டிபயாடிக், இவற்றோடு லென்ஸும் போகின்றன. இரத்தத்தில் கலந்தால் உடல் பொருட்படுத்தாத அளவு நஞ்சுகூட இவ்வளவு சிறிய இடத்தில், இவ்வளவு மென்மையான செல்களின் மேல் நேராகப் பட்டால் கேடு செய்யும். அப்படி வரும் அழற்சிக்கு டாக்சிக் ஆண்டீரியர் செக்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக டாஸ் என்பார்கள். 1992இல் அமெரிக்காவில் மான்சன், மாமலிஸ், ஓல்சன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரைதான் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டியது. இதன் பக்கத்து வீட்டுக்காரர் எண்டாப்தால்மைடிஸ்: உயிருள்ள பாக்டீரியாவோ பூஞ்சையோ கண்ணுக்குள் புகுந்து பெருகும் தொற்று. இரண்டிலும் கண் சிவக்கும், மங்கும், முன்னறையில் சீழ்போல வெள்ளை படியும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் எல்லாமே இருக்கிறது.

பிரித்தறிய முதல் சாட்சி கடிகாரம். டாஸ் ஆபரேஷன் முடிந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். தொற்று பெருகுவதற்குக் காலம் வேண்டும். வழக்கமாக இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். அடுத்த சாட்சி, கேடு எதுவரை போயிருக்கிறது என்பது. டாஸில் கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை சீராக வீங்கும், கண்பாவை விரிந்தபடியே அசையாமல் நிற்கும், ஆனால் லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் தெளிவாக இருக்கும். ஸ்கேனில் இதைப் பார்க்கலாம். தொற்றில் விட்ரியஸும் கலங்கும். வலியை நம்பக் கூடாது. டாஸில் வலி குறைவு என்பார்கள். ஆனால் 420 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 1995இல் முடிவு வெளியான பெரிய எண்டாப்தால்மைடிஸ் ஆய்வில், தொற்று வந்தவர்களிலேயே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வலி இல்லை. ஆகவே சந்தேகம் இருக்கும்வரை தொற்று என்றே கருதி, கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதித்து, மருந்து கொடுப்பதுதான் முறை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் மறுப்பது, அந்தச் சோதனையில் கிருமி வளராதபோது விசாரணையையும் நிறுத்திவிடுவதை.

இங்கே நம் தென்காசிப் பக்கத்து ஊர்களில் முதலில் எழும் மறுப்பு ஒன்று உண்டு. கீழப்பாவூரிலிருந்தோ பாவூர்சத்திரத்திலிருந்தோ முகாம் வண்டியில் போய் ஆபரேஷன் செய்து திரும்பிய ஒருவருக்குக் கண் கெட்டுப்போனால், ‘தலைக்கு ஊத்தியிருப்பா’, ‘சீசன் நேரம், குத்தாலத்துல போய் நின்னுருப்பாரு’, ‘பீடித் தூள் கண்ணுல பட்டிருக்கும்’, ‘சொட்டு மருந்து ஒழுங்கா விட்டிருக்க மாட்டா’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மருத்துவமனையும் அதை மறுக்காது. தொற்றைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கைகள் பொய்யல்ல. ஆறாத காயத்தில் அருவி நீர் பட்டால் ஆபத்துதான், தலைக்கு ஊற்றக் கூடாது என்ற விதிக்குக் காரணம் உண்டு. ஆனால் கட்டு அவிழ்க்கும் முன்பே, வீட்டுக்குப் போகும் முன்பே, சொட்டு மருந்துப் புட்டி கைக்கு வரும் முன்பே கண்ணில் அழற்சி இருந்தால் அருவியைக் குற்றம் சொல்ல வழியில்லை. அதிலும், ஒருவரை ஒருவர் அறியாத ஐந்து பேர், ஆலங்குளத்தில் ஒருவர், கடையத்தில் ஒருவர், சுரண்டையில் ஒருவர் என்று இருப்பவர்கள், ஒரே நாளில் கவனக்குறைவாக நடந்து ஒரே நாளில் ஒரேபோல நோய்ப்பட்டார்கள் என்று நம்புவது கடினம். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தியேட்டரும் அந்த நாளும்தான்.

சரி, தியேட்டரில் எது? கருவிகள் ஆட்டோகிளேவில் போய் வந்தவை, டேப் நிறம் மாறியிருக்கிறது, வெந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். ஆட்டோகிளேவ் 121 அல்லது 134 டிகிரி நீராவியில் கிருமியைக் கொல்கிறது. கிருமியின் உடலை அகற்றுவதில்லை. கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவின் புறச்சுவரில் எண்டோடாக்சின் என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் இருக்கிறது. பாக்டீரியா செத்தபின்னும் அது அப்படியே கிடக்கும்; அழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். கழுவாத பாத்திரத்தை அப்படியே கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஒட்டியிருந்த பழைய குழம்பு எங்கும் போகாது. ஆபரேஷனில் கண்ணுக்குள் கரைசல் செலுத்தப் பயன்படும் கேனுலா என்ற மெல்லிய குழாயின் உட்துளை ஊசிக்கண்ணைவிடச் சிறியது. அதில் விஸ்கோ கூழ் காய்ந்து ஒட்டிக்கொண்டால், மேலும் மேலும் ஆவியில் வைத்தாலும் உள்ளேயே இருந்து, அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் கரைசலோடு கழன்று போகும். கருவிகளை அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டியின் நீரைத் தினமும் மாற்றி, தொட்டியைக் காயவைக்காவிட்டால் அந்த நீரிலேயே பாக்டீரியா வளர்ந்து எண்டோடாக்சினைச் சேர்க்கும். சலவைக் கரைசல் தொட்டியில் பாக்டீரியா வளர்ந்ததால் நேர்ந்த அழற்சிகளைப் பற்றிய அறிக்கை 1992இலேயே வெளியாகிவிட்டது. இரத்தக்கறை போக்கப் பயன்படும் என்சைம் சலவைக் கரைசலே நஞ்சாவதும் உண்டு: அதிலுள்ள சப்டிலிசின் என்ற என்சைம் 140 டிகிரிக்கு மேல்தான் முழுதாகச் செயலிழக்கும், ஆட்டோகிளேவ் அவ்வளவு சூடாவதில்லை. 2006இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் குற்றவாளி நீராவியே. ஆவியின் ஈரத்தில் சல்பேட், செம்பு, துத்தநாகம், நிக்கல், சிலிக்கா இருந்தன. இவற்றில் எதையும் சுவரைத் துடைத்த பஞ்சுக்குச்சி காட்டாது. தொற்று வந்துவிட்டது என்ற பயத்தில் தியேட்டர்க்காரர்கள் கூடுதலாகச் சலவைக் கரைசல் ஊற்றி, நேரமில்லாமல் குறைவாக அலசினால், நோய் அதிகமாகவும் கூடும்.

இவை அங்கொன்றும் இங்கொன்றுமான விந்தைகள் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இதற்கென அமைந்த பணிக்குழு 77 மையங்களின் விடைத்தாள்களையும் 54 மையங்களுக்கு நேரில் போய்ப் பார்த்ததையும் தொகுத்து 2010இல் வெளியிட்டது. 50,114 அறுவைகளில் 909 டாஸ். அடிக்கடி கண்ட குறைகள் அறுவைக் கருவிக் கைப்பிடிகளின் உட்துளையைப் போதிய நீர்விட்டு அலசாதது, என்சைம் சலவைக் கரைசல், அல்ட்ராசானிக் தொட்டி. பெரும்பகுதி கழுவும் இடத்தில் நடந்த பிழை. ஆனாலும் எப்போதும் கழுவுபவர்தான் காரணம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு போவதும் தவறாகிவிடும். 2005இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நான்கைந்து மாதத்துக்குள் 112 பேருக்கு டாஸ் வந்தது. ஒவ்வொரு மையமும் தன் தொட்டியையும் தன் ஆட்களையும் சந்தேகித்துக்கொண்டிருந்தால் விடை வந்திருக்காது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் எல்லா அறுவை மையங்களின் பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரே நிறுவனத்தின் உப்புநீர்க் கரைசல் திரும்பத் திரும்ப வந்தது. அதில் எண்டோடாக்சின் வரம்புக்கு மேல் இருந்தது. 2006 பிப்ரவரியில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த எண்டோடாக்சினை அளக்கும் சோதனை குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளால் ஆனது. ஒடிசாக் கடற்கரையில் கரையேறும் நண்டின் உறவு அது. சிறிதளவு எண்டோடாக்சின் பட்டாலும் உறைந்துவிடும் அந்த இரத்தத்தின் குணம், கல்ச்சர் தட்டு சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

பதிவேட்டின் பலம் என்னவென்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். அரவிந்த் கண் மருத்துவமனை 2011இல் வெளியிட்ட ஆய்வில் 26,408 அறுவைகளில் 60 கண்களில் டாஸ் இருந்தது, ஆயிரத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு முப்பது புரை அறுவை செய்யும் மருத்துவமனையில் அந்த விகிதம் நிலவினால் ஏறக்குறைய பதினைந்து அறுவை நாளுக்கு ஒருமுறை ஒருவருக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம். அதே மருத்துவமனையில் ஒரே நாளில் மூன்று பேருக்குத் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆக, மூன்றாவது கண்ணைப் பார்த்தவுடனேயே தற்செயல் என்ற சொல்லைக் கைவிட வேண்டும். ஆனால் தன்னிடம் வழக்கமாக எத்தனை வருகிறது என்று எண்ணி வைத்திராத மருத்துவமனைக்கு மூன்று என்பது அதிகமா, வழக்கமா என்றே தெரியாது. அடுத்த படி, பாதிக்கப்பட்டவர்களை மட்டும் பார்க்காமல் அதே நாளில் நலமாக இருந்தவர்களையும் பார்ப்பது. ஆறு பேர் பாதிக்கப்பட்டார்கள், ஆறு பேருக்கும் நீலச் சாயம் போட்டிருந்தது என்றால் சாயத்தைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். நலமாக இருந்த மீதி இருபத்துநான்கு பேருக்கும் அதே புட்டிச் சாயம்தான் என்றால் சாயம் எதையும் சொல்லவில்லை. ஆறு பேரும் இரண்டாம் மேசையில் படுத்தவர்கள், நலமானவர்களில் இருவர் மட்டுமே அங்கே படுத்தவர்கள் என்று தெரிந்தால் அந்த மேசைக்குப் போன கருவித் தட்டு எது, அதை யார் எப்போது கழுவியது என்று கேட்கலாம். முதல் நோயாளி மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் முந்தைய இரவு துளைக்குள் காய்ந்து கிடந்ததைச் சந்தேகிக்கலாம். இதற்கு லேப் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் நாள், மேசை, வரிசை எண், சர்ஜன், கரைசலின் பேட்ச் எண், விஸ்கோவின் பேட்ச் எண், லென்ஸ் எண், தட்டு எண் எழுதிய ஒரு நோட்டு போதும். எழுதாத எண்ணைப் பிறகு எந்த நிபுணராலும் வரவழைக்க முடியாது. மீதமிருக்கும் புட்டியைக் குப்பையில் போடாமல் எடுத்து வைப்பதும் விசாரணைதான்.

இதற்கெல்லாம் மேல், வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: ஏழைகளை வண்டி வண்டியாக ஏற்றிவந்து வரிசையாக ஆபரேஷன் செய்தால் இப்படித்தான் ஆகும், குறை முறையிலேயே இருக்கிறது என்பது. 2008இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துப் போய் அறுவை செய்யப்பட்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தது இந்த மாநிலத்தின் நினைவில் ஆறாமல் இருக்கிறது. அது உயிருள்ள கிருமியால் வந்த தொற்று, சி.பி.ஐ. வரை போன வழக்கு. 2021 நவம்பரில் பீகாரின் முசாபர்பூரில் ஒரு முகாமுக்குப் பிறகு பலரின் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணிக்கை பெரிதாக இருப்பதே கேடு என்பதற்குச் சான்று எதிராக நிற்கிறது. அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் நடந்த 6,17,453 புரை அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் மாக்ஸிஃப்ளாக்சசினை ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் செலுத்தாதவர்களில் பத்தாயிரத்துக்கு ஏழு பேருக்குத் தொற்று, செலுத்தியவர்களில் பத்தாயிரத்துக்கு இரண்டு. பணம் கட்டாமல் வந்த ஏழைகளும் இந்தக் கணக்கில் உண்டு. வசதியான நாடுகளோடு ஒப்பிடத் தயங்க வேண்டாத விகிதம் இது. இன்னும் சொல்லப்போனால், இவ்வளவு அரிதாக வரும் ஒரு கேடு கூடியதா குறைந்ததா என்று கண்டுபிடிக்க ஆறு லட்சம் அறுவைகளும் ஆறு லட்சம் பதிவுகளும் தேவைப்பட்டன. சிறிய மருத்துவமனை ஒன்று தனியாக இதைச் செய்திருக்கவே முடியாது. பெரம்பலூரில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையில் தேடுவதில் பயனில்லை, ஒழுங்கில் தேட வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் செலுத்திவிட்டால் போதாதா என்றால், போதாது. ஆன்டிபயாடிக் எண்டோடாக்சினை அழிக்காது, சலவைக் கரைசலை அழிக்காது. கண்ணுக்குள் செலுத்தும் எந்த மருந்தும் கலக்கும் அளவு தவறினால், பதப்படுத்தும் பொருள் சேர்ந்திருந்தால், தானே டாஸை உண்டாக்கும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் கதை இதைவிடக் கடுமையானது. தொற்றைத் தடுக்க அமெரிக்காவில் பல சர்ஜன்கள் அதைக் கண்ணுக்குள் செலுத்திவந்தார்கள். மிகச் சிலருக்கு, சில நாள் கழித்து, விழித்திரையின் இரத்தக்குழாய்கள் அடைபட்டுக் கசிந்து பார்வை போனது. 2017இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தப் பழக்கத்துக்கு எதிராக எச்சரித்தது. மருந்து நல்லதா கெட்டதா என்பதைக்கூட எண்ணியவர்களால்தான் சொல்ல முடிந்தது.

‘டாஸ் ஸ்டீராய்டு சொட்டில் அடங்கிவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்பது மருத்துவர்களிடமிருந்தே வரக்கூடிய மறுப்பு. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு ஒருமுறை சொட்டுவிட்டால் அடங்கும், உண்மை. ஆனால் செத்த எண்டோதீலியம் செல் திரும்புவதில்லை. இன்று தெளிந்த கருவிழி சில ஆண்டுகளில் வீங்கலாம், சிலருக்குக் கருவிழி மாற்று வேண்டியிருக்கும், சிலருக்குக் கண் அழுத்தம் நிரந்தரமாக ஏறும். நாள் முழுக்க இலையும் தூளும் நூலுமாகப் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு மங்கலான ஒரு கண் என்பது அன்றைய கூலியில் தெரியும் குறை. அதோடு, இன்று செத்த கிருமியின் எச்சத்தை விட்டுச்சென்ற அதே தொட்டி நாளை உயிருள்ள சூடோமோனாஸ் பாக்டீரியாவை விடலாம். டாஸ் என்பது கண்ணைக் காவுகொள்ளாமல் கிடைத்த எச்சரிக்கை. அதை வீணாக்கினால் அடுத்தது எச்சரிக்கையாக இராது.

கடைசியாக, வெளியே சொன்னால் மக்கள் பயந்து ஆபரேஷனுக்கே வரமாட்டார்கள் என்ற கவலை. இதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் முதியவர்கள் பார்வையிழக்க முதல் காரணம் இன்னும் கண்புரைதான். பயத்தால் வீட்டில் இருந்துவிடுபவர் இழப்பது, ஆயிரத்தில் இரண்டு என்ற ஆபத்தைவிட மிகப் பெரிது. ஆனால் மறைத்ததால் பயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மறைத்த செய்தி ஊருக்குள் வதந்தியாகப் பெருத்துத்தான் வருகிறது. பயத்தை வளர்க்கும் இன்னொன்று தண்டனை. கொத்தாக நோய் வந்தவுடன் கருவி கழுவும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினால், அடுத்த முறை தொட்டி நீரை மாற்ற மறந்த பெண் அதைச் சொல்லவே மாட்டாள். அவளுக்கு இரண்டு அறுவைக்கு நடுவே எத்தனை நிமிடம் கொடுத்தோம், கேனுலா எத்தனை செட் வாங்கிக் கொடுத்தோம், கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் கொடுத்தோமா, குழாய் நீரையா என்று நிர்வாகம் தன்னைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவளைக் கேட்கலாம். பத்து செட் கருவியோடு முப்பது அறுவை செய்யச் சொன்னவர்தான் அந்தத் தட்டின் அழுக்குக்கு முதல் பொறுப்பாளி.

எந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் டாஸ் வந்தாலும், அரசு, தனியார், தொண்டு நிறுவனம் என்று பாராமல், பேட்ச் எண்களோடு ஓரிடத்தில் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும். தென்காசியில் இரண்டு, கோவில்பட்டியில் இரண்டு, நாகர்கோவிலில் ஒன்று என்று சிதறி வரும் கண்கள் ஒரே புட்டியிலிருந்து வந்தவையா என்பதை வேறு எந்த வழியிலும் அறிய முடியாது.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ புரை ஆபரேஷன் நடந்தால், டிஸ்சார்ஜ் அட்டையில் லென்ஸின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள். மறுநாளோ அடுத்த நாட்களிலோ கண் மங்கினாலும் சிவந்தாலும், வலி இல்லை என்று மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றைக்கே அறுவை செய்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள். போனதும், அதே நாளில் ஆபரேஷன் செய்துகொண்ட வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.